நான்கு மீட்டருக்குள் ஒரு நல்ல கார்

திரையில் காரை ஓட்ட வைக்கும் விளையாட்டுகள் நிறைய உண்டு. ஓட்டுவதற்கு முன்னால் காரை நீங்களே கட்டுங்கள் என்று சொல்லும் மென்பொருள் அபூர்வம். நியூசிலாந்தின் கேம்ஷாஃப்ட் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய ‘ஆட்டோமேஷன்’ அந்த அபூர்வ வகை. பிஸ்டனின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்கா டிஸ்க் பிரேக்கா, கதவுக் கைப்பிடி எந்த இடத்தில் என்று அத்தனையையும் உங்களிடமே கேட்கும். 2015-இல் ஸ்டீம் இணையக் கடையில் முன்னோட்டப் பதிப்பாக விற்பனைக்கு வந்தது. அன்றிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு தொடங்கி நம் காலம் வரை, எந்த ஆண்டுக்கான காரையும் இதில் வடிவமைக்கலாம்.

தனியாக உட்கார்ந்து மனம்போனபடி கார் செய்வதும் சுகம்தான். ஆனால் முழு ருசி தெரிய வேண்டுமென்றால் போட்டிக்குக் கார் செய்ய வேண்டும். உலகம் முழுக்க இதைப் பயன்படுத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் கார் கட்டும் சவால் விட்டுக்கொள்கிறார்கள். அதே முறையில் புதுச்சேரிக்கென்று ஒரு சவாலை வைத்து நண்பர்கள் சிலர் சேர்ந்து கட்டிப் பார்த்தோம். அந்தச் சவாலை வைத்தே இந்த மென்பொருளை எடைபோடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் தெருவில் நிற்கும் கார் ஏன் அந்த வடிவத்தில், அந்த என்ஜினோடு, அந்த விலையில் நிற்கிறது என்று புரியவைக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

சவால் எப்படி நடக்கிறது

போட்டி நடத்துகிறவர் முதலில் ஒரு வாடிக்கையாளரைக் கற்பனை செய்வார். அவர் எந்த ஊர், எந்த ஆண்டு, வீட்டில் எத்தனை பேர், இப்போது வைத்திருக்கும் வண்டியில் என்ன தொல்லை, புது வண்டியில் என்ன எதிர்பார்க்கிறார் என்று ஒரு சிறுகதைபோல எழுதுவார். அதற்குக் கீழே விதிகள் வரும். விலை இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, மைலேஜ் இதற்குக் குறையக் கூடாது, புகைத் தரம் இது, சத்தம் இந்த அளவுக்குள், டயர் இந்த வகை. எந்த ஆண்டின் தொழில்நுட்பம் வரை தொடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. கடைசியாக முன்னுரிமைப் பட்டியல்: ஓட்டும் எளிமைக்கு இத்தனை நட்சத்திரம், சொகுசுக்கு இத்தனை, பராமரிப்புச் செலவுக்கு இத்தனை.

கலந்துகொள்கிறவர்கள் தங்கள் காரை ஒரு கோப்பாக அனுப்புவார்கள். கூடவே ஒரு விளம்பரமும் தயாரிப்பார்கள். பலர் தங்கள் கற்பனைக் கம்பெனிக்குப் பல பத்தாண்டு வரலாறே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுபதுகளில் தந்த மாடலின் வாரிசு தொண்ணூறுகளில் வரும். விதி மீறிய கார் எத்தனை அழகாக இருந்தாலும் முதல் சுற்றிலேயே வெளியே. மிஞ்சியவற்றை நடத்துநர் ஒவ்வொன்றாகத் திறந்து, வாடிக்கையாளர் ஷோரூமில் சுற்றிப் பார்ப்பதுபோல எழுதி, வடிகட்டி, கடைசியில் ஒன்றை வாங்கிக்கொண்டு போவார். ஜெயித்தவர் அடுத்த சுற்றை நடத்துவது வழக்கம். பரிசுப் பணம் கிடையாது. இன்னொருவர் உங்கள் காரை முன்பின்னாக அலசி, காரணத்தோடு நாலு வரி எழுதுவதுதான் பரிசு.

கட்டளைதான் காரைச் செய்கிறது

வாடிக்கையாளரை முன்னால் நிறுத்திக் கார் செய்வது நிஜக் கார் உலகின் பழைய வழக்கம். 1930-களில் சிட்ரோயன் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த பியேர் ழூல் பூலான்ழே தன் பொறியாளர்களுக்குக் கொடுத்த கட்டளை இன்றைக்கும் கார் வடிவமைப்பில் பாடம். நான்கு பேரும் 50 கிலோ சரக்கும் ஏற வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல் போதுமானதாக இருக்க வேண்டும். உழுத வயலின் மேல் ஓட்டிப் போனாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது. பணக்காரருக்கான கார் இதில் எங்கேயும் இல்லை. சந்தைக்குப் போகும் விவசாயி மட்டும் இருக்கிறார். இந்தக் கட்டளையிலிருந்து பிறந்த 2சிவி, 375 சிசி என்ஜினும் 9 குதிரைத்திறனுமாக 1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. மென்மையான நீண்ட ஸ்பிரிங், குறைந்த எடை, எளிய பழுதுபார்ப்பு என்று 2சிவியின் ஒவ்வொரு அடையாளமும் அந்த முட்டைக் கூடையிலிருந்து வந்ததுதான்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டது எந்தக் கம்பெனியும் இல்லை, வரிச் சட்டம். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால் அது சிறிய கார், அதற்கு வரி குறைவு என்று 2006 பட்ஜெட்டில் வகுக்கப்பட்டது. அந்தக் கோட்டுக்குள் குடும்பத்தையும் டிக்கியையும் அடைப்பது எப்படி என்று எல்லாக் கம்பெனிகளும் மண்டையை உடைத்துக்கொண்டன. 2008-இல் டாடா, இண்டிகோவின் வாலை வெட்டி இண்டிகோ சிஎஸ் கொண்டுவந்தது. 2012-இல் மாருதி டிசையரின் டிக்கி அளவாக நறுக்கப்பட்டு 3995 மில்லிமீட்டரில் நின்றது. 2013-இல் மறைமலைநகர் ஆலையிலிருந்து வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் நீளம் 3999 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்துக் கார் செய்கிற தேசம் இது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறி, சிறிய கார்களுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம் என்று ஆனபோதும் அந்த 4 மீட்டர் கோடு அப்படியே இருந்தது.

எங்கள் சவாலுக்கும் அதே கோட்டை எடுத்துக்கொண்டோம். வாடிக்கையாளர்: முத்தியால்பேட்டையில் வீடு, நேரு வீதியில் துணிக்கடை, வீட்டில் ஐந்து பேர். வாரநாட்களில் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம். மாதம் ஒருமுறை சரக்கெடுக்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பயணம். காரைத் தெருவில்தான் நிறுத்துவார். கடல் காற்று இரவெல்லாம் அதன் மேல்தான் வீசும். நீளம் 4 மீட்டர், என்ஜின் 1200 சிசி, 91 ஆக்டேன் சாதாரண பெட்ரோல், மேனுவல் கியர். முன்னுரிமை: மைலேஜ், நகரத்தில் ஓட்டும் எளிமை, துரு பிடிக்காமை. வேகத்துக்கு நட்சத்திரமே இல்லை.

என்ஜின் அறையில்

மென்பொருளின் உயிர் இங்கேதான். முதலில் ‘ஃபேமிலி’ என்கிற என்ஜின் குடும்பத்தை அமைக்க வேண்டும்: எத்தனை சிலிண்டர், வரிசையாகவா வி வடிவிலா, பிளாக் இரும்பா அலுமினியமா, ஹெட்டில் புஷ்ராடா ஓவர்ஹெட் கேமா. அதற்குள் ‘வேரியண்ட்’ என்று பல வடிவங்களை எடுக்கலாம். ஒரே மாவில் இட்லியும் தோசையும் ஊற்றுவதுபோல, ஒரே பிளாக்கில் சிக்கன என்ஜினும் டர்போ என்ஜினும் வரும். கார் கம்பெனிகள் ஒரு என்ஜினை இருபது வருடம் ஏன் விடாமல் வைத்திருக்கின்றன என்பது இந்த இடத்தில் புரிந்துவிடுகிறது.

மூன்று சிலிண்டரா நான்கா என்பதுதான் எங்கள் சவாலில் முதல் முடிச்சு. மூன்று என்றால் உராயும் பாகங்கள் குறைவு, எடை குறைவு, செலவு குறைவு, மைலேஜ் கூடும். பதிலுக்கு நடுக்கம் வரும். மென்பொருள் அதை ‘மென்மை’ மதிப்பெண்ணில் உடனே குறைத்துக் காட்டும். மாருதி ஸ்விஃப்ட் 2024-இல் எடுத்த முடிவும் இதே முடிவுதான். 1197 சிசி அப்படியே இருக்க, நான்கு சிலிண்டர் மூன்றானது. திறன் 90-லிருந்து 82 குதிரைத்திறனுக்கு இறங்கியது, மைலேஜ் ஏறியது. செய்தியாகப் படித்தபோது ‘குறைத்துவிட்டார்களே’ என்று தோன்றிய அதே மாற்றத்தை, நம் கையாலேயே செய்து, ஒரு பக்கம் ஏறுவதையும் மறுபக்கம் இறங்குவதையும் எண்களில் பார்க்கும்போது அந்தப் பொறியாளர்களின் மேல் மரியாதை கூடுகிறது.

நான் மூன்று சிலிண்டரை எடுத்துக்கொண்டேன். போர், அதாவது சிலிண்டரின் விட்டம் 78 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் பயணிக்கும் தூரம் 83.6. பெருக்கிப் பார்த்தால் 1198 சிசி, கோட்டுக்குள் வந்துவிடும். போரை விட ஸ்ட்ரோக் நீளம் என்பதால் என்ஜின் உயர்ந்த சுற்றுகளை விரும்பாது. ஆனால் நேரு வீதியில் யாருக்கு 6000 ஆர்பிஎம் வேண்டும்? அடுத்தது கேம் ஸ்லைடர். இதை மேலே ஏற்றினால் உச்சத் திறன் கூடும், கீழ்ச் சுற்றுகளில் இழுவை போய்விடும். கீழே இறக்க இறக்க என்ஜினை அளந்து காட்டும் டைனோ வரைபடத்தில் இழுவிசையான டார்க்கின் கோடு இடதுபக்கம் நகர்ந்து, 1500 சுற்றிலேயே தோள் தூக்கி நிற்கிறது. மெக்கானிக்குகள் ‘பிக்கப்’ என்று சொல்வது எங்கே பிறக்கிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. திரையின் நடுவில் வெட்டிக்காட்டிய என்ஜின் சுழல்கிறது. கேமை மாற்றினால் வால்வு எழும் விதம் மாறுகிறது, ஸ்ட்ரோக்கை நீட்டினால் பிஸ்டன் பயணிக்கும் தூரம் நீள்கிறது.

கம்ப்ரெஷன் விகிதத்தை ஏற்றினால் அதே பெட்ரோலில் அதிக வேலை வாங்கலாம். ஆனால் 91 ஆக்டேனுக்கு ஓர் எல்லை உண்டு. தாண்டினால், எரிபொருள் நேரம் தப்பி வெடிக்கும் ‘நாக்கிங்’ எச்சரிக்கை சிவப்பில் வரும். இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி அதை அடக்கலாம். அடக்கினால் ஏற்றிய லாபத்தில் பாதி போய்விடும். இரண்டுக்கும் நடுவில் சரியான புள்ளியைத் தேடி பத்தில் ஒரு பங்கு பங்காக நகர்த்திக்கொண்டிருப்பதில் நேரம் போவதே தெரிவதில்லை.

ஆண்டை மாற்றி வைத்துப் பார்ப்பதும் பெரிய பாடம். 1959-இல் அம்பாசடருக்கு வந்த 1489 சிசி ஓவர்ஹெட் வால்வ் என்ஜினைப் போல ஒன்றைச் செய்ய ஆண்டைப் பின்னுக்குத் தள்ளினால், ஊசி முனையில் பெட்ரோல் தெளிக்கும் இன்றைய எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் மறைந்து கார்புரேட்டர் கைக்கு வரும். பாட்டன் காலத்து என்ஜின் பெரிய அளவிலிருந்து சின்னத் திறன் மட்டும் தந்தது ஏன் என்பதற்கு விடை, காணாமல் போன அந்தத் தேர்வுகளில் இருக்கிறது.

அடித்தளமும் உப்புக் காற்றும்

உடல் வடிவங்களின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீல்பேஸ் அந்தந்த உடலோடு வருவது. நீளத்தை முன்னும் பின்னும் இழுத்துச் சரிசெய்யலாம். அடுத்து சேஸிஸ். எங்கள் சவாலில் பலர் கவனிக்காமல் கடந்த பக்கம் இதுதான்.

கடற்கரையை ஒட்டிய ஊர்களில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். புஸ்ஸி வீதியின் கீழ்க்கோடியில் வருடக் கணக்கில் தெருவில் நிற்கும் காரைக் குனிந்து பாருங்கள். வீல் ஆர்ச்சின் உள்ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் விட்டிருக்கும். விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். கதவின் அடிமடிப்பில் பழுப்புக் கோடு இறங்கியிருக்கும். பட்டி வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழைக்காலத்துக்குள் திரும்ப வரும்.

ஆட்டோமேஷனில் இதற்கென்றே சூழல் தாங்குதிறன் என்று ஒரு மதிப்பு இருக்கிறது. சேஸிஸுக்குச் சாதாரண எஃகு போட்டால் விலை குறையும், இந்த மதிப்பு தரைமட்டத்துக்குப் போகும். துத்தநாகம் பூசிய எஃகு போட்டால் செலவும் எடையும் கொஞ்சம் ஏறி, தாங்குதிறன் நன்றாக உயரும். அரிப்பைத் தாங்கும் எஃகு இன்னும் மேலே. துணிக்கடைக்காரரின் கார் இரவில் தெருவில் நிற்கிறது என்று சவாலில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காக நான் துத்தநாகம் பூசிய எஃகுக்குப் போய், அந்தச் செலவை ஈடுகட்ட உள்ளலங்காரத்தில் ஒரு படி இறங்கினேன். வண்டியின் ஆயுளுக்காக டேஷ்போர்டின் பளபளப்பை விட்டுக்கொடுப்பது. கார் கம்பெனிகளின் கூட்ட அறைகளில் தினமும் நடக்கும் பேரம் இதுதான்.

சஸ்பென்ஷனிலும் அதே கதை. முன்னால் டபுள் விஷ்போன் போட்டால் வளைவில் கார் ஒட்டிப் பிடிக்கும். ஆனால் என்ஜின் வைக்கும் இடத்தை அது தின்றுவிடும். குறுக்குவாட்டில் உட்காரும் என்ஜினுக்கு மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் இடம் விட்டுக் கொடுக்கிறது. பின்னால் டார்ஷன் பீம் போட்டால் இருக்கைக்கும் டிக்கிக்கும் இடம் மிச்சம், செலவும் குறைவு. நம் ஊரில் விற்கும் சிறிய கார்களில் கிட்டத்தட்ட எல்லாமே முன்னால் மேக்ஃபெர்சன், பின்னால் டார்ஷன் பீம் என்று ஏன் இருக்கின்றன என்பதை, ஒரே மாலையில் இந்த இரண்டு பொத்தான்களை மாற்றி மாற்றிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஸ்பிரிங்கை இளக்கி, தரை இடைவெளியை உயர்த்தினால் வேகத்தடைக்குக் கவலை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் வளைவுகளில் மட்டும் உடல் கொஞ்சம் சாயும். அந்தச் சாய்வை அடக்க ஸ்டெபிலைசர் பாரைக் கொஞ்சம் இறுக்கினேன்.

முகம் வரைதல்

உடலின் எந்தப் பகுதியையும் மவுஸால் பிடித்து இழுத்தால் வளைந்து கொடுக்கும். பானெட்டை உயர்த்தலாம், கூரையின் பின்பகுதியைச் சரிக்கலாம், வீல் ஆர்ச்சைப் புடைக்க வைக்கலாம். அதன் மேல் ஹெட்லைட், கிரில், பம்பர் துளை, வைப்பர், கைப்பிடி, எண்பலகை என்று ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் தானாக வரும். உடலின் வளைவுக்கேற்ப ஒட்டிக்கொள்ளும். ஒரே ஹெட்லைட்டை இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் கார் முறைக்கும், வெளியே இழுத்தால் சிரிக்கும். மற்ற பயனர்கள் செய்து ஸ்டீமில் இலவசமாகப் பகிர்ந்திருக்கும் உடல்களும் விளக்குகளும் ஏராளம்.

4 மீட்டர் விதி இங்கேயும் பிடரியில் உட்கார்ந்திருக்கும். பின்பக்க பம்பரைக் கொஞ்சம் அழகாக நீட்டினால் நீளம் எல்லையைத் தாண்டும். டிக்கியை நறுக்கினால் பக்கவாட்டில் பார்க்கும்போது கார் பாதியில் நின்றுவிட்டதுபோல இருக்கும். பின்கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் சி-பில்லரில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்து, வால்விளக்கைப் பக்கவாட்டுக்கு மடக்கிக் கொண்டுவந்தால் கண் ஏமாந்து நீளத்தை ஏற்றுக்கொள்கிறது. நம் காம்பாக்ட் செடான்களின் பின்விளக்குகள் ஏன் அத்தனை தூரம் பக்கவாட்டில் வழிந்து வருகின்றன என்பதற்கு எனக்கு விடை கிடைத்த இடம் இது.

சாலையில் இறக்கினால்

காரை முடித்ததும் ‘பீம்என்ஜி.டிரைவ்’ என்ற வேறொரு மென்பொருளுக்கு அனுப்பி ஓட்டிப் பார்க்கலாம். ஜெர்மனியின் பிரெமன் நகரில் இயங்கும் பீம்என்ஜி நிறுவனத்தின் தயாரிப்பு அது. தனியாக வாங்க வேண்டும். காரை ஒரே கட்டியாகக் கருதாமல், கம்பிகளால் இணைந்த ஏராளமான புள்ளிகளாகக் கணக்கிடுவதால் மோதினால் தகடு மடங்கும், அச்சு வளையும், ரேடியேட்டர் ஒழுகும்.

அதில் உள்ள இத்தாலி வரைபடத்தில் கல் பாவிய குறுகிய தெருக்கள் உண்டு. அங்கே என் மூன்று சிலிண்டர் காரை இறக்கியபோது கேம் ஸ்லைடரில் செய்த ஒவ்வொரு முடிவும் பாதத்துக்குத் தெரிந்தது. இரண்டாம் கியரில் கிளட்ச் மிதிக்காமலேயே நடைவேகத்தில் ஊர்ந்தது. முனையில் திரும்பி ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் இடறாமல் இழுத்தது. ரோமன் ரோலண்டு வீதியில் ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவில் ஓட்டுகிறவருக்கு வேண்டியது இதுதான். மலைச்சாலையில் ஏற்றினால் மூச்சு வாங்குகிறது. முந்திச் செல்ல முன்கூட்டியே கியர் இறக்க வேண்டும். தொடர் இறக்கத்தில் பின் டிரம் பிரேக்குகள் சூடேறி, பெடல் தளர்ந்தது. வடிவமைப்புத் திரையில் வெறும் வளைகோடாக இருந்த பிரேக் சோர்வு, இங்கே நெஞ்சைப் பிடிக்க வைக்கிறது.

யார் வாங்கினார்

எங்கள் சவாலுக்கு வந்த கார்களில் கண்ணைப் பறித்தது நான்கு சிலிண்டர் டர்போ ஒன்று. அகலமான டயர், நான்கு டிஸ்க் பிரேக், தாழ்ந்த உடல். அதைச் செய்தவரின் கைத்திறனில் குறையே சொல்ல முடியாது. முகம் வரைந்த நேர்த்தியில் அதுதான் முதலிடம். ஆனால் துணிக்கடைக்காரர் அதை வாங்கிப் போனால் பெட்ரோல் செலவும் டயர் விலையும் அவரைத் தினமும் உறுத்தும். ஜெயித்த கார் பார்ப்பதற்குச் சாது. அளவான டயர், நீடித்து உழைக்கும் கடினமான ரப்பர், பின்னால் டிரம். இருக்கைகள் ஐந்து பேருக்கு அளந்து வைத்ததுபோல. துருவுக்கு எதிரான எஃகு. மிச்சப்பட்ட பணத்தை அதைச் செய்த நண்பர் பவர் ஸ்டீயரிங்கிலும் பாதுகாப்பு வசதிகளிலும் போட்டிருந்தார். சவாலின் ஒவ்வொரு வரியையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் காரில் பதில் வைத்திருந்தார். வாங்குகிறவர் மேல் அக்கறை இருந்தால் அது காரில் தெரிந்துவிடும் என்பதை அந்த வண்டி எங்கள் எல்லோருக்கும் காட்டியது.

நிஜக் காரைக் கட்டும் மாணவர் போட்டிகளும் இந்த வழியில்தான் போகின்றன. 2007-இல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தொடங்கிய பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டியில், வண்டியைக் கட்டுவதற்கு முன்னால் கணினி வடிவமைப்பை நடுவர்கள் முன் நியாயப்படுத்தும் சுற்று ஒன்று உண்டு. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியிலும் வடிவமைப்புக்கும் செலவுக் கணக்குக்கும் தனித்தனியாக மதிப்பெண் இருக்கிறது. ‘ஏன் இந்த ஸ்பிரிங்?’ என்று நடுவர் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். அப்படிக் கேள்வி கேட்டுப் பழகும் மனத்தைப் பள்ளி வயதிலேயே வளர்க்க ஆட்டோமேஷன் நல்ல இடம்.

உறுத்தும் குறைகள்

டீசல் இல்லை. இது பெரிய இழப்பு. டாடா இண்டிகா முதல் ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட் என்ஜின் பூட்டிய ஸ்விஃப்ட் வரை, டீசலைத் தொடாமல் இந்தியக் கார் வரலாற்றைத் திரும்பக் கட்ட முடியாது. டூ-ஸ்ட்ரோக் என்ஜினும் இல்லை.

மென்பொருளின் சந்தைகள் கேஸ்மியா, ஹெட்வேசியா, ஃப்ரூனியா என்று கற்பனை நாடுகள். அங்கே வாழும் வாடிக்கையாளர்களின் ருசிக்கேற்பவே மதிப்பெண் வருகிறது. நம் மே மாத வெயிலில் ஐந்து பேரோடு ஏசி போட்டு ஓட்டும்போது சின்ன என்ஜின் படும் பாட்டை அது எங்கேயும் கேட்பதில்லை. அதனால் நம் ஊர்ச் சவாலுக்கு மென்பொருளின் மொத்த மதிப்பெண்ணை நம்பாமல், மைலேஜ், தாங்குதிறன், ஓட்டும் எளிமை என்று தனித்தனி மதிப்புகளை எடுத்து நாமே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திரையில் தமிழ் இல்லை. கலைச்சொற்கள் அடுக்கடுக்காக வரும். ஒவ்வொரு ஸ்லைடரின் மேலும் விளக்கம் உண்டென்றாலும், கார் பட்டறைப் பக்கம் போகாதவருக்கு முதல் வாரம் திணறலாகத்தான் இருக்கும். பெரிய மேம்பாடு வரும்போது பழைய கார்களைத் திரும்பத் திறந்து சரிசெய்ய வேண்டிவரும்; மாதக்கணக்கில் சேர்த்த கற்பனைக் கம்பெனி உள்ளவர்களுக்கு இது வேதனை. பீம்என்ஜிக்கு ஏற்றுமதியாகும் காரின் மோதல் நடத்தை ஓரளவு பொதுவான அச்சில் வருவதால், நீங்கள் பாதுகாப்புக்குச் செலவழித்த பணம் அங்கே முழுசாகத் தெரியாது. கம்பெனியை நடத்தும் வணிகப் பகுதி வடிவமைப்புப் பகுதி அளவுக்குச் செதுக்கப்படவில்லை. விண்டோஸ் கணினி கட்டாயம். தனி கிராஃபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ரேமும் இருந்தால்தான் பீம்என்ஜியோடு சேர்த்து நிம்மதியாக ஓட்டலாம்.

தீர்ப்பு

சாதகம்: என்ஜின் வடிவமைப்பின் ஆழம், ஒவ்வொரு தேர்வுக்கும் விலை உண்டு என்று காட்டும் நேர்மை, எந்த ஆண்டுக்கும் போகும் வசதி, சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக, சவால் வைத்துக் கட்டுவதில் கிடைக்கும் படிப்பு.

பாதகம்: டீசல் இல்லாமை, நம் சந்தையும் வெயிலும் இல்லாத கணக்கு, தமிழ் இல்லாமை, மேம்பாட்டுக்குப் பிந்திய சரிசெய்தல், வலுவான கணினியின் தேவை.

பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ ஆட்டோமொபைல் படிக்கும் மாணவர் தயங்காமல் வாங்கலாம். பாடப்புத்தகத்தில் சூத்திரமாகப் படித்த கம்ப்ரெஷன் விகிதம் இங்கே கைக்கு வசமாகும். கார் வாங்கப் போகிறவர் வாங்கினால், ஷோரூமில் விற்பனையாளர் சொல்லும் எண்களில் எது தமக்கு வேண்டியது, எது வேண்டாதது என்று பிரிக்கத் தெரிந்துகொள்வார். சும்மா வேகமாக ஓட்ட வேண்டும் என்பவருக்கு வேறு விளையாட்டுகள் இருக்கின்றன.

வாங்கினால் சூப்பர் காரில் தொடங்காதீர்கள். உங்கள் தெருவில் தெரிந்த ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் தினமும் எங்கே போகிறார், வண்டியை எங்கே நிறுத்துகிறார், யாரை ஏற்றுகிறார், மாதம் எவ்வளவு பெட்ரோல் போடுகிறார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் நான்கு விதியும் ஒரு விலை வரம்பும் வையுங்கள். இரண்டு நண்பர்களிடம் அதே காகிதத்தைக் கொடுங்கள். வில்லியனூரில் பால் வியாபாரம் செய்கிறவருக்கும், லாஸ்பேட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும், விருந்தினர் விடுதி நடத்துகிறவருக்கும் வேண்டிய கார்கள் வெவ்வேறு. கேஸ்மியாவின் வாடிக்கையாளர்களுக்கு உலகமே கார் கட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கான காகிதத்தை நாம்தான் எழுத வேண்டும்.